ஒப்பந்தக் கோப்பு தடிக்கிறது, ஆள் மட்டும் கிடைப்பதில்லை: கல்லூரியும் கம்பெனியும் எங்கே கோட்டை விடுகின்றன?

#1 துறைப்_பொறுப்பு

வணக்கம். ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் துறையைக் கவனித்துக்கொள்கிறேன். நான்கு வருடங்களில் கம்பெனிகளோடு பதினொரு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மேடை, கைகுலுக்கல், குழுப்படம் எல்லாம் உண்டு. இவற்றால் என்னதான் நடந்தது என்று போன வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆறு சிறப்புரைகள், மூன்று தொழிற்சாலைச் சுற்றுலாக்கள், நாற்பது சொச்சம் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்கள். அந்தச் சான்றிதழ்களில் பாதி, ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய கோப்புகளைத் தட்டச்சு செய்ததற்குக் கிடைத்தவை என்று மாணவர்களே சொல்கிறார்கள்.

இந்தச் சுற்றுவட்டாரத்துக் கம்பெனிகளைக் கேட்டால் ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் இங்கே வேலை இல்லை என்று வெளியூருக்குப் பெட்டி கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வேலை தருபவர்கள், ஆசிரியர்கள், படித்து முடித்தவர்கள், யாராக இருந்தாலும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

#2 மைக்ரான்_கணக்கு

சார், நான் கம்பெனிப் பக்கத்து ஆள். பெரிய கம்பெனி இல்லை, 22 பேர் வேலை செய்யும் பட்டறை.

உங்கள் பதினொரு ஒப்பந்தங்களில் ஒன்றிலாவது, செவ்வாய்க்கிழமை காலையில் யார் சொல்லிக்கொடுப்பார், அந்த நேரத்தில் அவர் முடிக்கவேண்டிய வேலையை வேறு யார் முடிப்பார் என்று எழுதியிருக்கிறதா? இருக்காது. கையெழுத்துப் போட்டவர் எம்.டி. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர். அந்த சூப்பர்வைசர் சாயங்காலத்துக்குள் 400 பீஸ் அனுப்பியாக வேண்டும். பக்கத்தில் ஒரு மாணவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு அது இடைஞ்சல். "தம்பி, அந்தப் பக்கம் உட்கார், எதையும் தொட்டுவிடாதே" என்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. கற்றுக்கொடுப்பதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை, கற்றுக்கொடுக்காததற்காக யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

போன வருடம் நான் இரண்டு பேரை எடுத்தேன். ஒரு பையனிடம் மைக்ரோமீட்டரை, அதாவது நுண்ணிய அளவு பார்க்கும் கருவியைக் கொடுத்தேன். லீஸ்ட் கவுன்ட் சூத்திரத்தைத் தலைகீழாகச் சொன்னான். அளக்கச் சொன்னால், அழுத்தம் ஒரே மாதிரி இருக்க உதவும் ராட்செட் திருகைத் தொடாமல் திம்பிள் உருளையையே பிடித்து இறுக்கினான். ஒரே பீஸை மூன்று தடவை அளந்து மூன்று விடை. கேட்டால், லேப்பில் அறுபது பேருக்கு நான்கு மைக்ரோமீட்டர் என்றான். ஆறு வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டான். ஆறாவது வாரத்தோடு இன்டர்ன்ஷிப்பும் முடிந்தது. அவனால் எனக்கு உபயோகம் ஆரம்பிக்கிற அன்றைக்குக் கைகொடுத்து அனுப்பிவைத்தேன்.

#3 அரியர்_இல்லாதவன்

அந்த மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவன் நான்தான். உங்கள் கல்லூரி இல்லை சார், ஆனால் அதே மூலை.

ஒன்று சொல்கிறேன். நான்கு வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரு மெயின்டனன்ஸ் அண்ணன் கன்வேயர் மோட்டார் ஏன் அடிக்கடி டிரிப் ஆகித் தானாக நின்றுவிடுகிறது என்று என்னைக் கூடவே வைத்துக்கொண்டு தேடினார். பேரிங்கில் சிக்கல். அந்த ஒரு நாளில் கற்றதை இன்டர்வியூவில் இருபது நிமிடம் பேசி வேலை வாங்கினேன். மிச்சம் இருபத்து சொச்ச நாளும் வீண். ஒரு நாளை இருபது நாளாக்க வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். சிறப்புரை வேண்டவே வேண்டாம்.

#4 இரட்டைப்_பாதை

ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். மைக்ரான்_கணக்கு கேட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கு இங்கே சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தொழிற்பயிற்சியை நடத்தும் சட்டம் 1969இல் வந்தது. பழக்கம் அதைவிட ரொம்பப் பழையது. வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனி, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. சில தொழில்களில் இதையே வாரக்கணக்கில் சேர்த்து வைப்பார்கள். தொழிலைப் பொறுத்து மூன்று, மூன்றரை வருடம் வரை போகும். முதலில் கவனிக்கவேண்டியது வரிசை. பள்ளியில் சேர்ந்துவிட்டு அப்புறம் கம்பெனி தேடுவதில்லை. கம்பெனியோடு பயிற்சி ஒப்பந்தம் போட்ட பிறகுதான் பள்ளிப் படிப்பு. மாதாமாதம் உதவித்தொகை தருவதும் கம்பெனிதான். காசு கொடுக்கிறவன் மூலையில் உட்காரவைக்க மாட்டான்.

அடுத்தது, யார் சொல்லிக்கொடுப்பது என்பது. கம்பெனியில் பயிற்சிக்குப் பொறுப்பானவர் தன் தொழிலில் தேர்ந்தவராக இருந்தால் மட்டும் போதாது; கற்றுக்கொடுக்கத் தெரியும் என்பதற்கும் தகுதி காட்ட வேண்டும். அதற்கென்றே தேர்வு இருக்கிறது. நானும் எழுதினேன். பதினைந்து வருடம் மெஷினில் நின்ற ஆணவத்தோடு போய், செய்முறைத் தேர்வில் என் மாணவர் என்ன புரிந்துகொண்டார் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் நானே பேசிக்கொண்டிருந்தேன். நல்ல பாடம்.

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது இறுதித் தேர்வு. அதைக் கம்பெனியும் நடத்துவதில்லை, பள்ளியும் நடத்துவதில்லை. அந்தப் பகுதியின் தொழில் வணிகச் சபையோ கைவினைச் சபையோ நடத்துகிறது. தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பு, தொழிலாளி தரப்பு, ஆசிரியர் மூவரும் உட்காருவார்கள். அதனால் என் கம்பெனி தன் மெஷினை மட்டும் பழக்கிவிட்டு ஆளை முடக்க முடியாது. சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லுபடியாகும்.

22 பேர் பட்டறை எப்படிச் சமாளிக்கும் என்று கேட்பீர்கள். சிறிய பட்டறையில் எல்லா மெஷினும் இருக்காது. அதற்காகவே பல கம்பெனிகளுக்குப் பொதுவான பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. தன்னிடம் இல்லாத வேலையைக் கற்க ஆளைச் சில வாரம் அங்கே அனுப்புவார்கள்.

புகழ்ந்தே எழுதினால் பொய்யாகிவிடும். பல மாநிலங்களில் பத்து வயதுவாக்கிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளி வகைக்குப் பிரிக்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. பயிற்சி தரும் கம்பெனிகளும் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

#5 ஆள்_எடுப்பவர்

ஹெச்ஆரில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் யாரும் வெளியே சொல்லாததைச் சொல்கிறேன். பயிற்சி கொடுக்க எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வருடம் செலவழித்து ஆளைத் தேற்றினால், எதிர்க் கம்பெனிக்காரர் கொஞ்சம் கூடுதல் சம்பளத்தைக் காட்டிக் கொத்திக்கொண்டு போகிறார். அவருக்குப் பயிற்சிச் செலவு பூஜ்யம், அதனால்தான் அந்தக் கூடுதலை அவரால் தர முடிகிறது. நான்கு தடவை இப்படி நடந்த பிறகு எங்கள் மேலிடம் "இனி அனுபவம் உள்ளவர்களை மட்டும் எடு" என்றது. எல்லாக் கம்பெனியும் இதையே சொன்னால் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். என்னை வித்தியாசமாகப் பார்த்தார்கள்.

இத்தனை காலம் விலகமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கிப் பார்த்தோம். நல்ல ஆட்கள் பாண்டைக் கண்டதும் சேரவே இல்லை. சேர்ந்தவர்கள் பாண்டு முடிகிற அன்றைக்குக் கிளம்பினார்கள்.

#6 ஓரக்குறிப்பு

ஆள்_எடுப்பவர் சொல்வது பொருளியலில் பழைய பஞ்சாயத்து. கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960களில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு கம்பெனிக்கு மட்டும் உதவும் திறன், எங்கே போனாலும் உதவும் திறன் என்று இரண்டு. பின்னதற்கு எந்தக் கம்பெனியும் கைக்காசு போடாது, பலன் ஆளோடு போய்விடும் என்பது அவர் வாதம். ஜெர்மன் கம்பெனிகள் இதை மீறிச் செலவு செய்வதால்தான் பிற்காலப் பொருளியலாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தில் இன்னொரு விதம். பயிற்சிக் காலத்திலேயே ஆள் செய்யும் வேலையால் பெரும்பாலான கம்பெனிகளுக்குச் செலவு திரும்பிவிடுகிறது. மைக்ரான்_கணக்கு ஆறாவது வாரத்தில் அனுப்பிவைத்த கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். அவர் இழந்தது செலவு திரும்பிவரும் அந்தப் பின்பாதியைத்தான்.

கொத்திக்கொண்டு போவதற்கு உருப்படியான மருந்தைக் கண்டவர்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக்காரர்கள் என்பேன். 1980களின் கடைசியில் அங்கே மின்னணுக் கம்பெனிகள் குவிந்திருந்தன, ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. மோட்டோரோலா, இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட் மாதிரிச் சந்தையில் முட்டிக்கொள்கிறவர்களும் அதில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தை நடத்துவது தொழில் துறை. என்ன பாடம் வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள், உபகரணங்களும் கொடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து செலவு செய்துவிட்டால் யார் யாரைக் கொத்தினாலும் நஷ்டம் பெரிதாகத் தெரியாது.

சிங்கப்பூரில் இதற்கும் முன்னாலேயே 1972இல் டாடாவோடும், அடுத்த வருடம் ஜெர்மன் கேமராக் கம்பெனி ரோலேயோடும், 1975இல் பிலிப்ஸோடும் அரசு கூட்டுப் பயிற்சி மையங்கள் தொடங்கியது. கம்பெனி தன் தேவைக்கு மேலும் ஆட்களைத் தேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. ரோலே கதையைத் தேடிப் படியுங்கள். 1981இல் அந்தக் கம்பெனி நொடித்து சிங்கப்பூர்த் தொழிற்சாலையை மூடியது. ஆனால் அங்கே துல்லியப் பொறியியல் பழகியவர்கள் தெருவுக்கு வரவில்லை; வளர்ந்துகொண்டிருந்த மற்றக் கம்பெனிகள் அவர்களை வாரிக்கொண்டன. கம்பெனி போய்விட்டது, கை தங்கிவிட்டது. ஒரு வட்டாரத்துக்கு ஆள்பலம் என்றால் அதுதான்.

#7 சுண்ணக்கட்டி

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

கல்லூரி என்பது கம்பெனிக்கு ஆள் சப்ளை செய்யும் கிடங்கு இல்லை. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் எந்த மெஷின் ஓடுகிறதோ அதற்கேற்ற பாடத்திட்டம் என்றால், பையன் முப்பத்தைந்து வயதில் என்ன செய்வான்? அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அவனுக்குத் தெர்மோடைனமிக்ஸ் தெரிந்தால் அடுத்த மெஷினைத் தானே பிடித்துக்கொள்வான். ஒரு தடவை ஒரு கம்பெனி எங்களோடு சேர்ந்து விருப்பப்பாடம் ஒன்றை நடத்தியது. பாடம் முழுக்க அவர்களுடைய மென்பொருளின் மெனுக்கள்தான். எந்த பட்டனை எங்கே அழுத்துவது என்று ஒரு செமஸ்டர்! அடுத்த வருடம் அவர்களே வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். அந்த வருடத்துப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் எனக்குக் கூச்சம்.

இன்னொன்று. கம்பெனிக்கு மலிவாக ஆள் வேண்டும் என்பதை "பயிற்சி" என்று பெயர் மாற்றி எழுதுகிறவர்களை நாம் பார்க்கவில்லையா? பயிற்சியாளர் என்று எடுத்து முழு ஷிப்ட் வேலை வாங்கிவிட்டு, வருடக் கடைசியில் அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

#8 இரட்டைப்_பாதை

சுண்ணக்கட்டி ஐயா, மெனு கதை எனக்கும் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் தேர்வு மூன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று எழுதினேன். எந்த மெஷினாக இருந்தாலும் ஆள் அளக்க, படம் வாசிக்க, தவறு எங்கே என்று தேடத் தெரிந்திருக்கிறாரா என்று வெளியாள் கேட்டால், கம்பெனி மெனுவோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

மற்றபடி தெர்மோடைனமிக்ஸா பட்டறையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. 1974இல் இங்கே பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் டைம்லர்-பென்ஸ், பாஷ் மாதிரிக் கம்பெனிகளின் தூண்டுதலில், படிப்பையும் வேலையையும் சேர்த்துத் தரும் தொழிற்கழகங்கள் வந்தன. 2009இல் அவை ஒரே இரட்டைமுறைப் பல்கலைக்கழகமாயின. ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் கம்பெனி, இப்படி மாறி மாறி மூன்று வருடம், கடைசியில் இளநிலைப் பட்டம். கணக்கும் உண்டு, கொள்கைப் பாடமும் உண்டு. வகுப்பில் இருக்கும் மாதங்களிலும் கம்பெனி சம்பளம் தருகிறது.

#9 ஓரக்குறிப்பு

அமெரிக்காவின் சின்சினாட்டியை யாரும் சொல்லவில்லையே! ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களோடு ஆரம்பித்தார். இரண்டு மாணவர்களை ஜோடி சேர்த்து ஒரே வேலையிடத்தைக் கொடுப்பார்கள். இந்த வாரம் ஒருவர் வகுப்பில், மற்றவர் பட்டறையில். அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். கம்பெனிக்கு மெஷின் முன்னால் எப்போதும் ஆள் இருந்தார். அதுதான் சூட்சுமம். சூப்பர்வைசரின் 400 பீஸும் போகும், மாணவரும் படிப்பார். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே இந்த முறையோடுதான், இப்போது நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று சுழல்கிறது.

ஆறு வாரத்தில் கைகொடுத்து அனுப்பிய பட்டறைக்காரருக்கு நான்கு மாதம் கிடைத்தால்?

#10 மைக்ரான்_கணக்கு

கிடைத்தால் கேட்பானேன். நான்கு மாதம் என்றால் முதல் ஆறு வாரம் என் செலவு, மிச்சம் பத்து வாரம் என் வரவு. சம்பளமும் தருவேன், மனதாரத் தருவேன். ஒருவர் போக அவர் ஜோடி வந்தால், வந்தவருக்குப் போனவரே பாதி சொல்லிக்கொடுத்துவிடுவார்.

மலிவு ஆள் பற்றி ஐயா சொன்னது உண்மைதான், எங்கள் தொழிலிலேயே பார்க்கிறேன். ஆனால் அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்று மாதமாக ஒரே மெஷினில் நிற்கவைத்திருந்தால் அது பயிற்சி இல்லை. மாணவரிடம் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்த வாரம் எந்த வேலை, யார் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதி அந்த ஆளிடமே கையெழுத்து வாங்கட்டும்.

#11 இரட்டைப்_பாதை

இங்கே அந்த நோட்டு கட்டாயம். அது இல்லாமல் இறுதித் தேர்வில் உட்கார விடமாட்டார்கள்.

#12 அரியர்_இல்லாதவன்

ரெக்கார்ட் நோட்டு மாதிரி பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிவிடாமல் இருந்தால் சரி 😄

#13 ஆள்_எடுப்பவர்

கம்பெனிகள் தானாகச் சேராது, அரசு வரி போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் பிரிட்டனைப் பார்த்துவிடுங்கள். 2017 ஏப்ரலில் தொழிற்பயிற்சித் தீர்வை கொண்டுவந்தார்கள். வருடச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள கம்பெனிகள் 0.5 சதவீதம் கட்ட வேண்டும், அதைப் பயிற்சிக்கு மட்டும் திரும்ப எடுக்கலாம். அதன் பிறகு புதிதாகப் பயிற்சியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துதான் போனது. கட்டிய காசை வீணாக்கக் கூடாதென்று கம்பெனிகள் ஏற்கெனவே இருந்த ஊழியர்களை மேலாண்மைப் படிப்புகளுக்கு அனுப்பின. அடிமட்டத்தில் நுழையவேண்டிய இளைஞர்களுக்கு இடம் சுருங்கியது. ஹெச்ஆர்காரன் புத்தி எனக்குத் தெரியும். என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் கூட்டாகச் சேரும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் டொயோட்டா 2010இல் கென்டக்கியில் ஒரு சமுதாயக் கல்லூரியோடு ஆரம்பித்தது. பிறகு அதில் மற்ற உற்பத்திக் கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் சம்பளத்தோடு வேலை, ஐந்து செமஸ்டர். பெரிய கம்பெனி ஒன்று தோள் கொடுத்தால் சின்னவர்களுக்குத் தைரியம் வருகிறது.

#14 சுண்ணக்கட்டி

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஆசிரியரை மறந்துவிட்டீர்கள். மாணவன் நான்கு மாதம் பட்டறையில் நின்று திரும்பி வந்து, "சார், டிராயிங்கில் இந்த டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு, ஏன் இவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள், தளர்த்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எனக்கும்தான். வாழ்நாளில் நான் ஒரு பாகத்தையாவது விற்பனைக்குச் செய்ததில்லை. முதலில் என்னை அனுப்புங்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம், பார்வையாளனாக இல்லாமல் வேலையாளாக.

#15 துறைப்_பொறுப்பு

இந்த இழையைத் தொடங்கியபோது இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்தப் பதினொரு ஒப்பந்தங்களையும் எடுத்து மறுபடி புரட்டினேன். "இணைந்து செயல்படுதல்" என்ற தொடர் முப்பது இடத்துக்கு மேல் வருகிறது. ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை, ஒரு கிழமைகூட இல்லை.

எங்களால் உடனே முடியாததைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதச் சுழற்சிக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும். அது என் கையில் இல்லை. கடைசி செமஸ்டரில் பிராஜெக்டுக்கு ஒதுக்கிய மாதங்கள் என் கையில் இருக்கின்றன. அவற்றை முழுதாகப் பட்டறைக்குத் தர முடியும், கிரெடிட்டோடு. ஒரு வகுப்புக்கு இல்லை, முதல் வருடம் எட்டே பேர். நான்கு சிறிய கம்பெனிகள், ஆளுக்கு ஒரு ஜோடி. தேர்வை எங்கள் ஆசிரியர் ஒருவரும், மாணவர் வேலை செய்யாத கம்பெனியிலிருந்து ஒருவரும் சேர்ந்து நடத்தட்டும். உதவித்தொகையைக் கம்பெனி தர வேண்டும். தர மறுக்கும் இடத்துக்கு அனுப்பப்போவதில்லை. சுண்ணக்கட்டி சொன்னபடி ஆசிரியர் இருவர் முன்கூட்டியே ஒரு மாதம் போக வேண்டும். அதில் ஒருவன் நான்.

மைக்ரான்_கணக்கு, உங்களிடம் ஒரு கேள்வி. முதல் ஆறு வாரச் செலவைக் கல்லூரியிலேயே மூன்று வாரமாகக் குறைக்க முடியுமா? வருவதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருந்தால் உங்களுக்கு நேரம் மிச்சமாகும்?

#16 மைக்ரான்_கணக்கு

அளக்கத் தெரிய வேண்டும் சார். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் மூன்றும். டிராயிங்கைப் பார்த்ததும் எந்த அளவு உயிர் அளவு, எது சும்மா என்று சொல்லத் தெரிய வேண்டும். தப்பாகப் போன பீஸை ஒளித்துவைக்காமல் கொண்டுவந்து காட்டுகிற பழக்கம் வேண்டும், இது கொஞ்சம் கஷ்டம், லேப்பில் தப்புக்கு மார்க் குறைக்கிறீர்கள் இல்லையா? மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களிடம் ரிஜெக்ட் ஆன பீஸ்கள் மூன்று பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என்ன தப்பு என்று எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஆள் சீட்டு ஒட்டிவைத்திருக்கிறார். சீட்டைக் கழற்றிவிட்டுத் தருகிறேன். மாணவர்கள் அளந்து தப்பைக் கண்டுபிடிக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்புங்கள், பெட்டி கனமாக இருக்கும், இரண்டு பேராக வரச் சொல்லுங்கள்.

#17 அரியர்_இல்லாதவன்

நான் வரட்டுமா சார்? செவ்வாய் எனக்கு வார விடுமுறைதான்.